விகோனியாவுக்கு எந்தச் சாமி?

1998இல் கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதில் பெல்ட்வேல் என்ற காட்டுப் பகுதிக்குள் நுழைந்தால் ஒரு பெண் அலறியபடி ஓடி வருவாள். துரத்தி வரும் காவலன் அவளைக் கொலைகாரி என்பான். காப்பாற்றினால் அவள் ஆடுபவரின் கூட்டத்தில் சேர்ந்துகொள்வாள். பெயர் விகோனியா டெவிர். நிலத்தடியில் வாழும் டிரௌ இனத்துப் பெண் பூசாரி. அந்த இனத்தின் தெய்வம் சிலந்தி வடிவான லோல்த். விகோனியாவோ லோல்த்தை விட்டுவிட்டு, இருளுக்கும் இழப்புக்கும் உரிய ஷாரைக் கும்பிடுகிறாள்.

ஏன் சாமி மாறினாள் என்பதை 2000இல் வந்த இரண்டாம் பாகம் விளக்கியது. லோல்த்துக்குப் பச்சைக் குழந்தை ஒன்றைப் பலியிடச் சொன்னார்கள், அவள் மறுத்தாள். அதற்குத் தண்டனையாக அவளையே பலியிடத் துணிந்த தாயை, சகோதரன் வாலாஸ் வெட்டிச் சாய்த்தான். லோல்த் அவனைப் பாதி சிலந்தியாக்கினாள். குடும்பம் சீரழிந்தது. அவள் மட்டும் மேல் உலகத்துக்குத் தப்பினாள்.

உருக்கமான கதைதான். ஆனால் டெவிர் குடும்பத்தின் கதையைப் பத்தாண்டு முன்பே ஆர். ஏ. சால்வடோர் எழுதிவிட்டார். 1990இல் வெளியான அவருடைய ‘ஹோம்லேண்ட்’ நாவல் தொடங்குவதே அந்தக் குடும்பத்தின் அழிவோடுதான். கதாநாயகன் டிரிஸ்ட் பிறந்த இரவில் டூஉர்டன் குடும்பம் டெவிர் வீட்டுக்குள் புகுந்து கொன்று குவிக்கிறது; நோக்கம், நகரத்தின் அதிகார வரிசையில் ஒரு படி ஏறுவது. அந்த நாவலில் வாலாஸும் இல்லை, விகோனியாவும் இல்லை. அவள் மறுத்ததால்தான் லோல்த்தின் கோபம் அந்த வீட்டின் மீது திரும்பியிருக்கும் என்று ரசிகர்கள் இரண்டையும் ஒட்டிப் பார்க்கிறார்கள். ஒட்டும், ஆனால் தையல் தெரியும்.

இந்தத் தையல்கள் எழுத்தாளரின் கவனக்குறைவால் மட்டும் வந்தவை அல்ல. தெய்வம் ஒருவருடையது, பாத்திரம் இன்னொருவருடையது, முடிவு ஆடுபவருடையது என்று பங்கு பிரிந்து கிடந்த தொழில் இது. ‘பால்டர்ஸ் கேட்’டுக்கு அடிப்படை, 1974இல் பிறந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு. அதன் விதிகளில் பூசாரி உண்டு. அவர் எந்தச் சாமிக்குப் பூசாரி என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. லோல்த்தை 1978இல் அந்த விளையாட்டைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் கிரேஹாக் உலகத்துக்காக உருவாக்கினார். 1980இல் வந்த தெய்வங்களின் விதிநூல், ஒவ்வொரு கடவுளும் எத்தனை அடி தாங்குவார் என்று எண் போட்டுக் கொடுத்தது. இந்திரன், காளி, ஏன், கார்த்திகேயனுக்கும் அதில் ஓர் எண் உண்டு. முருகனை அடித்து வீழ்த்த எத்தனை வெட்டு வேண்டும் என்று அமெரிக்கப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கக்கூடும்!

விகோனியா நடமாடும் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகம் கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கியது. 1981இல் ‘டிராகன்’ இதழில் அதன் தெய்வங்களைப் பட்டியலிட்டபோது நோர்ஸ் மரபின் டைர், அயர்லாந்தின் ஓக்மா, பின்லாந்தின் மியலிக்கி என்று பல நாட்டுச் சாமிகளையும் சேர்த்துக்கொண்டார். 1987இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியீட்டாளரான டிஎஸ்ஆர் நிறுவனம் அந்த உலகத்தைப் பெட்டியில் போட்டு விற்றது. லோல்த்தும் அங்கே குடியேறினாள்.

அதன்பின் தெய்வங்களின் ஆயுளை நிர்ணயித்தவை விதிநூலின் பதிப்புகள். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஆடுபவர் ஏற்கக்கூடிய வேடங்களிலிருந்து ‘கொலையாளி’ நீக்கப்பட்டது. கதையில் அதற்குக் காரணம் வேண்டுமே? கடவுளர்கள் மண்ணில் இறங்கி ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டதாகவும், கொலையாளிகள் கூண்டோடு செத்ததாகவும், கொலைத் தெய்வமான பாலும் மாண்டதாகவும் நாவல்கள் எழுதப்பட்டன. மாண்ட பாலின் பிள்ளைதான் ‘பால்டர்ஸ் கேட்’ நாயகன். 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது ஹெல்ம், டைர் என்று இன்னொரு வரிசை தெய்வங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. செத்தவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், பால் உட்பட.

‘பால்டர்ஸ் கேட்’ இரண்டாம் பாகத்தின் விதிகளும் பக்திக்கு இடம் கொடுக்கவில்லை. லதாண்டர், ஹெல்ம், டாலோஸ் என்ற மூன்று தெய்வங்களின் பூசாரிகளுக்கே தனி வரங்கள் இருந்தன. ஷாருக்கு இல்லை. ஆகவே, உயிரைப் பணயம் வைத்து மதம் மாறிய விகோனியா, விதிப்படி எந்தச் சாமியும் இல்லாத பொதுப் பூசாரி.

2001இல் வந்த ‘த்ரோன் ஆஃப் பால்’ என்ற அதன் விரிவாக்கம் அவளுக்கு விடைகொடுத்தது. நாயகன் அவளைக் காதலித்துப் பக்குவமாகப் பேசினால் அவளுடைய தீய குணமே தணிந்துவிடும். காதல் இல்லாத முடிவில் ஷாருக்காக ஒரு கூட்டத்தைத் தொடங்கி, துரோகம் கண்டு அதைத் தானே அழித்து, பின்னர் டிரிஸ்டோடு சேர்ந்து எல்ஃப்களின் நகரத்தைக் காப்பாற்றுகிறாள்.

2023இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் மூன்றாம் பாகத்தை வெளியிட்டபோது, இவற்றில் எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. ஷாரின் மடத்துக்குத் தலைவியாக, ஈரம் வற்றிய முகத்தோடு விகோனியா நிற்கிறாள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயமானது. முதலிரண்டு பாகங்களின் நாயகன் யார் என்பதைக்கூட அந்த விளையாட்டை ஒட்டி எழுதப்பட்ட நாவல்கள் ஏற்கெனவே ஏப்டெல் ஏட்ரியன் என்று பெயர் சூட்டி முடித்துவிட்டன. ஆடியவர்கள் வளர்த்த ஆயிரம் நாயகர்களுக்கு அங்கே இடமில்லை. அதே கதிதான் அவர்கள் திருத்திய விகோனியாவுக்கும்.

ஆனால் அதே விளையாட்டில் முரண்பாட்டையே கதையாக்கிய ஒரு பாத்திரமும் உண்டு. ஷேடோஹார்ட், ஷாரின் பக்தை. சின்ன வயதில் காட்டில் ஓநாயிடமிருந்து ஷாரின் ஆட்களே தன்னைக் காப்பாற்றினார்கள் என்று நம்புகிறவள். போகப்போக அவள் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தாமல் போகிறது. அவள் உண்மையில் ஷாரின் பகையான செலூனே என்ற நிலாத் தெய்வத்தைக் கும்பிட்ட பெற்றோரின் மகள். ஷாரின் ஆட்கள் கடத்தி வந்து நினைவை அழித்திருக்கிறார்கள். அந்த மடத்தின் தலைவி விகோனியா. ஒரு குழந்தையைத் தெய்வத்துக்குக் கொடுக்க மறுத்துத் தன் இனத்தையே விட்டு ஓடியவள், இன்னொரு குழந்தையைத் திருடித் தெய்வத்துக்குக் கொடுத்திருக்கிறாள். இடையில் என்ன நடந்து அவள் இப்படியானாள் என்று ஒரு காட்சி எழுதியிருந்தால் இது அந்த மூன்று பாகங்களிலும் மிகக் கொடூரமான திருப்பமாக இருந்திருக்கும். லாரியன் எழுதவில்லை.

சண்டையில் தோற்றுக் கிடக்கும் விகோனியாவைக் கொல்வதா, விட்டுவிடுவதா என்ற முடிவை மட்டும் மறுபடியும் ஆடுபவரிடமே கொடுத்திருக்கிறார்கள்.