மாஸ்கோவை முந்திய சிங்கப்பூர்: இளையர் ஒலிம்பிக் பிறந்த கதை

பாசிர் ரிஸ் என்றதும் சிங்கப்பூரர்களுக்கு நினைவு வருவது பச்சைத் தட ரயிலின் கடைசி நிலையம், கடற்கரைப் பூங்கா, அதையொட்டிய அலையாத்திக் காடு, பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காத டவுன்டவுன் ஈஸ்ட் விடுதி. ஒலிம்பிக்கோடு சேர்த்து இந்த வட்டாரத்தை யாரும் பேசுவதில்லை. ஆனால் உலகின் முதல் இளையர் ஒலிம்பிக் 2010ல் சிங்கப்பூருக்கு வந்ததில் அப்போதைய பாசிர் ரிஸ்-பொங்கோல் குழுத்தொகுதிக்கு ஒரு தொடர்பு உண்டு. தொகுதியின் தலைமை உறுப்பினராக அப்போது இருந்த டியோ சீ ஹியன் 1998 முதல் 2014 வரை சிங்கப்பூர் தேசிய ஒலிம்பிக் மன்றத்தின் தலைவர். அதே குழுத்தொகுதியில் 2006ல் நாடாளுமன்றத்துக்குப் போன டியோ செர் லக், போட்டியைக் கேட்டு விண்ணப்பித்த குழுவின் முன்வரிசையில் நின்றவர். விளையாட்டுக்குப் பொறுப்பான அமைச்சர் அப்போது விவியன் பாலகிருஷ்ணன். இவர்கள் எல்லாருக்கும் முன்பே, அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைமையகம் உள்ள லோசான் நகரத்து ஆட்களோடு பேசிப் பழகியிருந்தவர் இங் செர் மியாங். நம் கதையில் பாதி அவருடையது.

மீதிப் பாதி ஐரோப்பாவில் தொடங்குகிறது. இளையர்களுக்குத் தனி ஒலிம்பிக் வேண்டும் என்ற யோசனையை 1998ல் முன்வைத்தவர் யோஹன் ரோசன்சொப்ஃப் என்ற ஆஸ்திரியர். விளையாட்டு நிர்வாகி அல்லர், தொழில்துறை மேலாளர். பிள்ளைகள் விளையாடுவதை விட்டுவிட்டார்கள், உடம்பு பெருக்கிறது என்ற கவலைதான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது. அனைத்துலக ஒலிம்பிக் குழுவுக்கு 2001ல் தலைவரான ஜாக் ரோகே இதைக் கையில் எடுத்தார். எலும்பு மருத்துவரான ரோகே பெல்ஜியத்துக்காக மூன்று ஒலிம்பிக்குகளில் பாய்மரப் படகு ஓட்டியவர். இங் செர் மியாங்கும் பாய்மரப் படகு ஆள்தான். இருவருக்கும் பேசிக்கொள்ள ஒரு பொது விஷயம் இருந்தது என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பெரிய போட்டிகள் எந்த ஊருக்குப் போகின்றன என்பதைக் கவனிப்பவர்கள் இந்த மாதிரிச் செய்திகளைத் தள்ளிவிட மாட்டார்கள்.

இனி 2005க்கு வரவேண்டும். என் பார்வையில் இளையர் ஒலிம்பிக் சிங்கப்பூருக்குக் கிடைத்தது அந்த ஆண்டு ஜூலையில்தான். அப்போது அப்படி ஒரு போட்டியே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒலிம்பிக்கை வாங்க உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்த சால்ட் லேக் சிட்டி விவகாரம் வெடித்த பிறகு ஒலிம்பிக் குழு ஒரு விதி போட்டது: விண்ணப்பித்திருக்கும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் போய்வரக் கூடாது. சாப்பாடு, பரிசு, சுற்றுலா என்று நகரங்கள் வாக்கு வாங்கிய வழி அதோடு அடைபட்டது. ஆனால் விண்ணப்பிக்காத ஊரில் கூட்டம் நடத்தினால் உறுப்பினர்கள் அத்தனை பேரும் முறைப்படி வந்து இறங்குவார்கள். ஒலிம்பிக் குழுவின் 117வது கூட்டத்தை சிங்கப்பூர் கேட்டு வாங்கியது. ராஃபிள்ஸ் சிட்டி மாநாட்டு மண்டபத்தில் 2012 ஒலிம்பிக் யாருக்கு என்ற வாக்கெடுப்பு. லண்டனுக்காக பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் மனைவியோடு வந்து, ஹோட்டலில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார். பாரிஸுக்காக பிரெஞ்சு அதிபர் ழாக் சிராக் வந்தார். ஐந்து நகரங்களில் முதல் சுற்றிலேயே வெளியேறியது மாஸ்கோ. கடைசிச் சுற்றில் லண்டன் 54, பாரிஸ் 50. உலகப் பத்திரிகைகள் லண்டனைப் பற்றியே எழுதின.

சிங்கப்பூர் எந்தப் போட்டிக்கும் விண்ணப்பிக்கவில்லை, அந்தக் கூட்டத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சாங்கியில் இறங்கி, நேரத்துக்குக் கார் ஏறி, நேரத்துக்குக் கூட்டம் நடத்தி, ஒரு குறையும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். விண்ணப்பதாரராக இருந்திருந்தால் இவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு ஊரைக் காட்டியிருக்க முடியாது. அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்திய இங் செர் மியாங், 1998 முதல் ஒலிம்பிக் குழு உறுப்பினர். இங்கே என்டியுசி ஃபேர்பிரைஸ் பேரங்காடியின் தலைவராகவும் இருந்தவர் என்பதால், அரிசியும் மீனும் வாங்குகிற மக்களுக்கு அந்தப் பக்கத்திலும் அவர் பெயர் தெரியும்.

இரண்டே ஆண்டில் அதற்குப் பயன் வந்தது. 2007 ஜூலையில் கவுதமாலா நகரத்தில் கூடிய ஒலிம்பிக் குழு, 2014 குளிர்கால ஒலிம்பிக்கை ரஷ்யாவின் சோச்சிக்குக் கொடுத்தது. அதே கூட்டத்தில் இளையர் ஒலிம்பிக் தொடங்கவும் முடிவு செய்தது. வயது 14 முதல் 18. புதிதாக மைதானங்கள் கட்டக் கூடாது, இருப்பதை வைத்து நடத்த வேண்டும். விளையாட்டோடு பண்பாடும் கல்வியும் சேர வேண்டும். முதல் போட்டிக்கு மூன்றே ஆண்டு அவகாசம்.

விண்ணப்ப ஏடு கொடுத்தவை ஒன்பது நகரங்கள். நமக்குப் பக்கத்திலிருந்து பேங்காக், கோலாலம்பூர். ஐரோப்பாவிலிருந்து ஏதென்ஸ், டூரின், மாஸ்கோ, போஸ்னான், டெப்ரெசன். பிறகு கவுதமாலா நகரம், சிங்கப்பூர். நவம்பரில் ஐந்தாகக் குறைத்தார்கள். மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைவர், கோலூன்றித் தாண்டுதலில் உலகை ஆண்ட செர்கே புப்கா. நேரில் போய்ப் பார்ப்பதற்குப் பதில் வீடியோவில் கேள்வி கேட்டார்கள். 2008 ஜனவரியில் மிஞ்சியவை மாஸ்கோவும் சிங்கப்பூரும்.

1980 ஒலிம்பிக்கை நடத்திய மாஸ்கோவிடம் மைதானங்களுக்குக் குறைவில்லை. ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் அதுவரை வாங்கியிருந்தது ஒரே ஒரு பதக்கம், 1960ல் ரோமில் பளுதூக்கலில் டான் ஹாவ் லியாங் பெற்ற வெள்ளி. கட்டடங்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்வதானால் மாஸ்கோவுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ரஷ்யாவுக்கு சோச்சி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தென்கிழக்காசியாவுக்கு ஒலிம்பிக் பெயர் தாங்கிய எந்தப் போட்டியும் அதுவரை வந்ததில்லை. புதிய போட்டி சிறியதாக, ஒழுங்காக, கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று ரோகே விரும்பினார். அப்படி ஓர் ஊரை உறுப்பினர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் பார்த்திருந்தார்கள்.

வாக்குகள் தபாலில் போயின. 2008 பிப்ரவரி 21 அன்று லோசானில் ரோகே முடிவை அறிவித்தபோது பாடாங் திடலில் கூட்டம் திரையைப் பார்த்துக் காத்திருந்தது. சிங்கப்பூர் 53, மாஸ்கோ 44. ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் கதை தலைகீழ். சம்பந்தம் பேசும் வீட்டில் கடைசி நேரத்தில் ஒரு சித்தப்பா முகம் கோணினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஐந்து சித்தப்பாக்கள் தூரத்தில்தான் வெற்றி இருந்தது.

வாங்கியது ஒரு வேலை என்றால் நடத்துவது வேறு வேலை. விளையாட்டாளர் கிராமத்தை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்தில் அமைப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். கட்டுமானச் செலவு ஏறவே, தீவின் மேற்குக் கோடியில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளுக்கு அதை மாற்றினார்கள். பாசிர் ரிஸில் ரயில் ஏறி, தீவை முழுக்கக் கடந்து பூன் லேயில் இறங்கி, பேருந்து பிடித்தால்தான் அங்கே போக முடியும். 2009ல் முதல் ஆசிய இளையர் விளையாட்டுகளை இங்கேயே நடத்தி ஒத்திகை பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எச்1என்1 காய்ச்சல் பரவியது. அதுவும் ஓர் ஒத்திகை ஆயிற்று.

நட்பு வளர்க்கும் வேலையைப் பள்ளிகளிடம் கொடுத்ததுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி. பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டையும் சிங்கப்பூர்ப் பள்ளிகளோடு ஜோடி சேர்த்தார்கள். பிள்ளைகள் அந்த நாட்டைப் பற்றிப் படித்து, அங்குள்ள மாணவர்களோடு தொடர்பு வைத்து, கிராமத்தில் அந்த நாட்டுக்கென்று ஒரு கூடம் அமைத்தார்கள். வரைபடத்தில் விரல் வைக்கத் தெரியாத நாட்டின் கொடியை வரைந்த பிள்ளைகள் அன்று ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

2010 ஆகஸ்டு 14 இரவு, மரினா பே மிதக்கும் மேடையில் அதிபர் எஸ்.ஆர். நாதன் போட்டியைத் தொடக்கிவைத்தார். 204 ஒலிம்பிக் மன்றங்கள், 26 விளையாட்டுகள், சுமார் 3,600 இளையர்கள். மறுநாள் காலை பெண்கள் டிரையத்லானில் ஜப்பானின் யூகா சாத்தோ முதல் தங்கத்தை வாங்கினார்.

காற்பந்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்தெந்த நாட்டை அழைப்பது என்பதிலும் ஓர் அரசியல் இருக்கிறது என்பதை அது காட்டியது. பிரேசில், ஜெர்மனி யாரும் வரவில்லை. கண்டத்துக்கு ஒன்றாகச் சிறிய நாடுகளை ஃபிஃபா தேர்ந்தெடுத்தது: பொலிவியா, ஹைட்டி, மான்டினீக்ரோ, ஜிம்பாப்வே, வனுவாட்டு, ஆசியாவுக்கு சிங்கப்பூர். பெண்கள் பிரிவில் ஈரான் அணி தலைமறைப்போடு ஆட முடியாது என்று முதலில் தடை. பிறகு கழுத்தை மூடாத தொப்பி அணியலாம் என்று பேசி முடித்து, அந்தப் பெண்கள் வந்து ஆடினார்கள்.

ஆட்டங்கள் நடந்தது ஜாலான் புசார் அரங்கில். பாசிர் ரிஸ்காரர்கள் லாவண்டரில் இறங்கி நடந்தால் போதும். செயற்கைப் புல் மைதானம், ஆறாயிரம் பேர் அமரும் சின்ன அரங்கு, எட்டிப் பார்த்தால் ஆட்டக்காரர் முகத்து வியர்வை தெரியும். ஆட்டம் முடிந்து கிச்சனர் சாலை வழியாக நடந்தால் முஸ்தபா கடை, பெருமாள் கோயில், சிராங்கூன் சாலை. அந்த ஜனவரியில்தான் ஹைட்டியை நிலநடுக்கம் சிதைத்திருந்தது. எட்டு மாதத்தில் அந்த ஊர்ப் பையன்கள் இங்கே வந்து, அரையிறுதியில் சிங்கப்பூரை 2-0 என்று வென்றார்கள். இறுதியாட்டத்தில் பொலிவியாவிடம் 5-0 என்று தோற்றார்கள். சிங்கப்பூர்ப் பையன்கள் மான்டினீக்ரோவை 4-1 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். லிட்டில் இந்தியாவுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்று 2010க்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் போட்ட கணக்கு 104 மில்லியன் வெள்ளி. பின்னர் அது 387 மில்லியன் ஆனது. நாடாளுமன்றத்தில் விவியன் பாலகிருஷ்ணன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2011 பொதுத்தேர்தலிலும் எதிர்க்கட்சிகள் அதைக் கேட்டன. கேட்டதில் தவறில்லை. யாரும் முன்பு நடத்தியிராத போட்டிக்குக் கணக்குப் போடுவது கடினம்தான். ஆனால் நான்கு மடங்கை நெருங்கும் பிசகை அது ஒன்றே நியாயப்படுத்தாது. பள்ளிகளுக்கு மொத்தமாக ஒதுக்கிய நுழைவுச்சீட்டுகளால் சில அரங்குகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததும் உண்மை.

மறுபக்கம், சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்தவை உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மூவர் கூடைப்பந்து பெரிய அரங்கேற்றம் கண்டது இங்கே ஆர்ச்சர்டில்தான். தோக்கியோவில் அது முழு ஒலிம்பிக் விளையாட்டானது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு டிரையத்லான் தொடரும் அப்படியே. பாசிர் ரிஸுக்குப் பக்கத்து ஊரான தெம்பனிஸில் பிஎம்எக்ஸ், மலைச் சைக்கிள் போட்டிகள் நடந்த சைக்கிள் பூங்கா மட்டும் நிலைக்கவில்லை. 2014ல் அதை மூடி, இடத்தை வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். நிலம் குறைந்த ஊரில் அதைக் குறை சொல்வதற்கில்லை.

உறவு முன்பே இருந்தால் போட்டி தேடி வரும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கி ரஷ்யாவிடமிருந்து சதுரங்க ஒலிம்பியாட் பறிக்கப்பட்டபோது, அடுத்த மாதமே அது சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆனந்தும் அவருக்குப் பின் வந்த பிள்ளைகளும் பல ஆண்டுகளாக உலகச் சதுரங்கத்தோடு வைத்திருந்த உறவு இல்லாமல் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்திருக்காது. 2030 காமன்வெல்த் போட்டியை வாங்கிவிட்டு 2036 ஒலிம்பிக்குக்கும் அகமதாபாத் முயல்கிறது. அங்கே அரங்குகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்; ஆட்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

2010ல் ஒலிம்பியாவில் ஏற்றிய சுடர் சிங்கப்பூருக்கு வருமுன் ஐந்து நகரங்களைச் சுற்றியது: பெர்லின், டக்கார், மெக்சிகோ சிட்டி, ஆக்லாந்து, சோல். சுடர் வந்துபோன அந்த டக்காருக்கு 2018ல் இளையர் ஒலிம்பிக் உரிமை கிடைத்தது. இந்த முறை ஆப்பிரிக்காவுக்குத்தான் என்று ஒலிம்பிக் குழு முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு, அந்தக் கண்டத்து நகரங்களோடு மட்டுமே பேசியது. 2022ல் நடக்க வேண்டியது கொரோனாவால் நான்கு ஆண்டு தள்ளிப்போனது. போட்டி நாள்கள் 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை. ஆப்பிரிக்க மண்ணுக்கு வரும் முதல் ஒலிம்பிக் போட்டி அதுதான்.