அம்மாக்கள் எப்போது படித்தார்கள்?

“வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். நேரமே இல்லை. என்ன படிக்கலாம், சொல்லுங்கள்” என்று பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. இப்படி ஒரு தகப்பன் கேட்டு நான் கண்டதில்லை. எந்தப் புத்தகம் என்பதற்குப் பதில் சொல்லிவிடலாம். எந்த நேரத்தில் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு ஒரு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

வீட்டுப் பெண்கள் எதைப் படிக்கலாம் என்பதை முதலில் ஆண்களே முடிவு செய்தார்கள். 1869இல் வெளிவந்த ‘மிராத்துல் உரூஸ்’ என்ற உருது நாவல் ஓர் உதாரணம். ‘மணமகளின் கண்ணாடி’ என்று பொருள். தம் மகள்கள் படிக்க ஏற்ற புத்தகம் இல்லையே என்று நசீர் அகமது எழுதியது. அக்பரி, அஸ்கரி என்று அக்கா தங்கை. அக்பரிக்கு வீடு நடத்தத் தெரியாது. தங்கை அஸ்கரி படித்தவள். வரவு செலவு பார்த்து, வீட்டில் நடந்த மோசடியைக் கண்டுபிடித்து, குடும்பத்தை நிமிர்த்துகிறாள். அரசாங்கம் இந்நாவலுக்கு 1000 ரூபாய் பரிசளித்தது. பெண் படிக்கட்டும் என்று அன்று சொன்னது சிறிய காரியமல்ல. ஆனால் அஸ்கரியின் படிப்பால் வந்த லாபம் முழுவதும் குடும்பக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. தனக்காக மட்டும் படிக்கும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

அடுத்த சில ஆண்டுகளில், 1876இல், வங்கத்திலிருந்து வேறொரு புத்தகம் வந்தது. ராஸசுந்தரி தேவியின் ‘அமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’. வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுவது. பன்னிரண்டு வயதில் மணமாகி, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் ராஸசுந்தரி. பெண் எழுத்துப் படித்தால் விதவையாவாள் என்று நம்பிய காலம் அது. அவருக்கோ ‘சைதன்ய பாகவத’த்தைத் தானே வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை. வீட்டிலிருந்த அந்நூலிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்துவைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அடுப்பு வேலைக்கு நடுவே இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்து எழுத்தாகக் கற்றார். பிள்ளைக்குக் கிடைத்த கல்வியைத் தாய் திருட வேண்டியிருந்தது.

ரொக்கையா சக்காவத் ஹொசைனும் இப்படித்தான். வீடு உறங்கிய பிறகு, அண்ணன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருக்குப் பாடம் சொல்லித்தந்தார். அவர் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் நம் சென்னையில் அச்சானது. கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ அதை வெளியிட்டது. அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். ஏழு மணி நேர அலுவலக வேலையைப் பெண்கள் இரண்டே மணி நேரத்தில் முடிப்பது எப்படி? ரொக்கையா கணக்குப் போடுகிறார்: ஒரு சுருட்டு எரிய அரைமணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது. சிரிக்கவைக்கும் கணக்குத்தான். ஆனால் ஆணின் நேரத்தை ஒரு பெண் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது அன்று புதிது.

தமிழில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் கதை சற்று மாறுபட்டது. 1901இல் பிறந்தார், ஆறு வயது நிறைவதற்குள் கல்யாணம். கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுத, ‘இந்திர மோகனா’ நாடகம் பிறந்தது. பின்னர் எழுதக் கற்று, 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருக்குத் தெலுங்கு கற்பித்தவர் மாமியார். துணை நின்றவர் கணவர். ராஸசுந்தரி திருடியதை இவருக்கு வீட்டார் கொடுத்தார்கள்.

இவர்களில் யாரும் கூலிக்குப் போனவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. அடுத்தவர் வீட்டிலும் வயலிலும் உழைத்துவிட்டு வந்து தன் அடுப்பை மூட்டிய பெண்ணுக்குத் திருடக்கூட நேரம் இருந்திருக்காது. பாமாவின் ‘கருக்கு’ (1992) அந்த உழைப்பைப் பேசுகிறது.

நம் காலத்துக் கணக்கையும் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலை செய்த ஆண்கள் 97 நிமிடங்கள். அதைச் செய்ததே ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர்தான். வித்தியாசம் 202 நிமிடங்கள். ஒரு சிறிய நாவலை முடித்துவிடக்கூடிய நேரம்.

ஆகவே, கேட்கும் தோழிகளுக்கு என் பரிந்துரை இது. ‘சுல்தானாவின் கனவு’: ஒரே மூச்சில் படித்துவிடலாம்; மகனையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். சுருட்டுக் கணக்கில் நிறுத்தி, நம் வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். அடுத்து அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தும் இருண்டு கிடக்கும் ஒரு சமையலறையின் கதை. இதை வீட்டு ஆண்கள் கையில் முதலில் கொடுங்கள். மூன்றாவதாகக் ‘கருக்கு’. அதைப் படித்த பிறகு, நம் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி எப்போது படிப்பார் என்ற கேள்வியும் வரும், வரட்டும்.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாருக்கும் நான் சொல்வதில்லை. ராஸசுந்தரிக்கு வேறு வழி இல்லை. நமக்கு உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தை வேறொருவர் தேய்க்கட்டும். அந்த அரைமணியில் விளக்கு எரியும்போதே, எல்லோர் கண்முன்னும் உட்கார்ந்து படியுங்கள். அம்மா படிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.