இலுப்பைப் பூவும் கீழ்மாகாண நிலப்பெயர்களும்

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்னும் பழமொழிக்கு, உயர்ந்தது இல்லாவிடத்துத் தாழ்ந்தது அதனிடத்தைப் பெறும் என்றே பொருள் கூறுவர். இஃது ஆலையின் பக்கம் நின்று கூறிய பொருள் என்பது எமது கருத்து. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நிலப்பெயர்கள் சிலவற்றைத் துணைகொண்டு இதனை ஈண்டு நோக்குவாம்.

இலுப்பை காட்டிலும் ஆற்றங்கரையிலும் தானே வளரும் பெருமரம். மாசி, பங்குனியில் இலையுதிர்ந்த கிளைநுனிகளிற் கொத்தாகப் பூக்கும். இரவில் விரிந்த பூவின் சதைப்பற்றுள்ள இதழ்க்குழல் விடியலில் உதிரும். பறிக்க வேண்டுவதில்லை, பொறுக்கினாற் போதும். பச்சையாகவும் உண்ணலாம், உலர்த்தியும் வைக்கலாம். உலர்ந்த பூவின் நிறையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. விதையெண்ணெய் கோயில் விளக்குகளுக்குப் பயன்பட்டது. நடு இந்தியப் பழங்குடிகளுக்கு இதன் இனமாகிய மகுவாவின் பூ இன்றும் உணவு. மேலும், இப்பூ உதிருங் காலம் கீழ்மாகாணத்திற் பெரும்போக அறுவடைக் காலத்தை ஒட்டியது. களத்தில் நெல் குவியும் வேளையிற் கிடைத்த இனிப்பைப் பஞ்சத்தின் உணவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்துமா?

சங்கநூல்கள் இம்மரத்தை இருப்பை என்னும். அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் சிலவற்றிற் கரடிக் கூட்டம் இருப்பைப் பூவைத் தேடி உண்ணும். செங்கலடியிலிருந்து மேற்கே செல்லும் பதுளை வீதியில் இலுப்படிச்சேனை என்றோர் ஊரும், கரடியனாறு என்றோர் ஊரும் உள. புலவர் பாடிய இணையே இங்கு ஊர்ப்பெயர்களாயிற்று எனத் துணிதல் மிகை. ஆயினும் சேனை என்பது காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் நிலம். அதனை ஓர் இலுப்பையடியால் அடையாளப்படுத்தினர் என்பது நோக்கற்பாலது.

இனித் தெற்கே, கல்முனைக்கு மேற்கில், கிட்டங்கி கடந்துள்ள நாவிதன்வெளிக்கு வருவோம். வெளி என்பது வயற்பரப்பு. அதன்மேல் ஊருக்குத் தொழில் செய்தவனின் பெயர் நிற்கின்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை மறித்து, பெருங்காட்டை வயலும் கரும்புத் தோட்டமுமாக்கியது. 1960களில் ஹிங்குராணையிற் சீனி ஆலையும் இயங்கியது. பழமொழி குறித்த ஆலை இவ்வாறு வந்து சேர்ந்தது. நாவிதன்வெளிப் பகுதியில் எழுந்த குடியேற்றங்களோ மரத்தாலும் விலங்காலும் பெயர்பெறவில்லை. 4ஆம் கொலனி, 7ஆம் கிராமம் என எண்களாலேயே வழங்கலாயின.