வீட்டுப் பள்ளிக்கூடமும் நாவலரும்

"பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறியளாம், உண்மையே?" என்று இங்கே ஒக்லாந்தில் எங்கடை ஆட்கள் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்று, இது சட்டப்படி சரியோ? மற்றது, உங்களுக்கென்ன வேதப் பைத்தியமோ? முதலாவதற்கு மறுமொழி சுலபம். இரண்டாவதற்குச் சொல்வதென்றால் யாழ்ப்பாணத்துச் சரித்திரத்துக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

முதலில் சட்டம். நியூசிலாந்தில் 6 வயது தொடக்கம் 16 வயது வரை பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்க வேண்டும். வீட்டில் படிப்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குச் சான்றிதழ் எடுக்கவேண்டும். இப்போதுள்ள 2020ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: பதிவு பெற்ற பள்ளிக்கூடத்தில் நடக்கிற அளவுக்காவது படிப்பு ஒழுங்காகவும் நன்றாகவும் நடக்கவேண்டும். என்ன பாடம், எப்படி, எந்தப் புத்தகம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். தாய் தகப்பன் பயிற்றப்பட்ட ஆசிரியராக இருக்கவேண்டும் என்றில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, படிப்பு தொடர்ந்து நடக்கிறது என்று உறுதிக் கடிதம் கொடுக்கவேண்டும். சின்னதாக ஒரு உதவிப்பணமும் உண்டு. இதில் ஒளித்துச் செய்ய ஒன்றும் இல்லை.

இந்த விலக்கு இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. 1877இல் வந்த கல்விச் சட்டம் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது, கட்டாயமாக்கியது, மதச்சார்பற்றதாகவும் ஆக்கியது. அந்த மூன்றாவது சொல்லில்தான் பிரச்சினை தொடங்கியது. கத்தோலிக்கர் தங்கள் பள்ளிக்கூடங்களைத் தங்கள் காசில் நடத்தினார்கள். சுமார் நூறு வருடத்துக்குப் பிறகு, 1975ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அவை அரச பணத்தோடு இணைந்தன. புரட்டஸ்தாந்தர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1897 முதல் நெல்சன் ஊரில், பள்ளிக்கூடத்தைக் கொஞ்ச நேரம் 'மூடி' விட்டு அதே வகுப்பறையில் வேதம் படிப்பித்தார்கள். சட்டத்தில் ஓட்டை தேடுவதில் நாங்கள் மட்டும் கெட்டிக்காரர் இல்லை!

நான் ஏன் இதைச் செய்கிறேன் என்றால், அகதியாக வந்தவனுக்குக் காணியும் வீடும் போன பிறகு பிள்ளைக்குக் கையளிக்க மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று விசுவாசம், மற்றது தமிழ். இங்கத்தைப் பள்ளிக்கூடம் இரண்டுக்கும் விரோதியில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை பிள்ளையின் உலகத்தில் இந்த இரண்டும் இல்லை. வீட்டுக்கு வரும்போது பிள்ளை களைத்துப் போயிருக்கும். அந்தக் களைத்த நேரம்தான் எங்களுக்கு.

இந்த அச்சத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் ஆறுமுக நாவலர்.

எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல பள்ளிக்கூடத்தால் உண்டானவை. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடத்தையும் தொடங்கியது. படிப்பித்தது மட்டுமல்ல, பிள்ளை அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி வளரவேண்டும் என்பதுதான் திட்டம். சைவ வீட்டிலிருந்து பிரித்தால்தான் பிள்ளை மாறும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை.

அதே மிஷனரிமார் தங்கள் சொந்தப் பிள்ளைகளை என்ன செய்தார்கள்? தாய்மார் வீட்டில் வைத்துப் படிப்பித்தார்கள். பிறகு, சுற்றியிருக்கும் 'அஞ்ஞானம்' ஒட்டிவிடும் என்று பயந்து கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அகராதியால் எங்களுக்குத் தெரிந்த வின்சுலோவின் மகன் சார்லஸ் அப்படிப் போனவன்தான். 1832இல் நியூயோர்க்கில் பதினொரு வயதில் இறந்துபோனான். உடுவில் பள்ளிக்கூடத்தை நடத்திய தாய் ஹரியட் அடுத்த வருடமே கண்ணை மூடினார். பிள்ளையின் விசுவாசத்தைப் பற்றிய பயம் அவர்களுக்கும் இருந்தது. அதே பயம் சைவத் தாய்க்கும் இருக்கும் என்பதைத்தான் அவர்கள் காணவில்லை.

நாவலர் கண்டார். யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர் அவர். 1848இல் அந்த வேலையை விட்டார். அதே வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம் நிறுவினார், பாலபாடங்கள் எழுதினார்.

எங்கள் வீட்டுத் தமிழ்ப் பாடத்தில் நாவலரின் வசனத்தையும் வாசிக்கிறோம். "அப்ப நாவலர் எங்களுக்கு எதிரியோ அப்பா?" என்று மூத்தவள் கேட்டாள். "இல்லை மகள், நாங்கள் இப்ப செய்யிறதை அவர் அப்பவே செய்தவர்" என்றேன். என் பிள்ளையின் சமயத்தை வேறொருவரின் வகுப்பறை தீர்மானிக்கக்கூடாது என்று நான் சொன்னால், 1848இல் அதையே சொன்ன சைவனும் சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவப் பெற்றோர் பெற்றோரின் உரிமை பற்றிப் பேசக்கூடாது என்பது என் கருத்து.

இந்த மண்ணின் ஆட்களுக்கும் இதே கதைதான். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான மவோரிப் பள்ளிக்கூடங்கள் ஆங்கிலத்துக்காகவே நடந்தன. சொந்த மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். மொழி அழியப் போகிறது என்று கண்டபிறகு, 1982இல் கோஹங்கா ரெயோ என்ற மொழிப் பாலர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயது வந்ததும், 1985இல் இதே ஒக்லாந்தின் மேற்குப் பகுதியில், ஹொவானி வைத்தித்தி மாராயில் பெற்றோர் தாங்களே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். மாராய் என்றால் அவர்களுடைய பொது முற்றமும் மண்டபமும். அரசாங்கம் சட்டத்தில் அதை ஏற்றது 1989இல்தான்.

நாவலரிடமும் மவோரிப் பெற்றோரிடமும் நான் படித்தது இதுதான்: அவர்கள் பள்ளிக்கூடத்தை வெறுத்துப் பிள்ளையைப் பூட்டி வைக்கவில்லை. பாடப்புத்தகம் எழுதினார்கள், ஆசிரியர்களை உண்டாக்கினார்கள், வாசலைத் திறந்து வைத்தார்கள். வெளியுலகத்துக்குப் பயந்து மட்டும் வீட்டில் படிப்பிக்கிற பெற்றோரையும் இங்கே கண்டிருக்கிறேன். பயம் ஒரு பாடத்திட்டம் ஆகாது. எங்கள் பிள்ளைகள் சைவப் பிள்ளைகளோடும் மவோரிப் பிள்ளைகளோடும் விளையாடத்தான் வேண்டும்.

இன்னுமொன்று. வட்டுக்கோட்டை செமினரியை மிஷனே 1855இல் மூடிவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் போதகர்களாகாமல் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனது ஒரு முக்கிய காரணம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர் சைவரானவர். கரோல் விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. மிஷன் எதிர்பார்த்த விளைச்சல் அது அல்ல. ஆனால் தமிழுக்கு அதைவிட நல்ல விளைச்சல் வேறென்ன?

ஆகவே விடுதியில் வைத்தாலும் சரி, குசினி மேசையில் வைத்துப் படிப்பித்தாலும் சரி, பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கிடையாது. தொடக்கி வைக்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு. முடித்து வைக்கிற உரிமை இல்லை. என் பிள்ளைகள் நாளைக்கு என் விசுவாசத்தை ஏற்காமல் போகலாம். அப்போதும் அதை எனக்கு நல்ல தமிழில் சொல்லத் தெரிந்திருந்தால், என் படிப்பிப்பு முழுதும் வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.