யாருக்கு நினைவிருக்கிறது? வேதாளம் முதல் 'சுருளி' வரை

2021 நவம்பர் 19 அன்று, மனோ கார்த்திகேயன் இயக்கிய 'ஜாங்கோ' தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வந்தது. அதே நாளில் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் மலையாளப் படம் 'சுருளி' ஓடிடியில் வெளியானது. ஆறு நாள் கழித்து வெங்கட் பிரபுவின் 'மாநாடு'. நடந்ததே மறுபடி நடக்கிற கதைகள் மூன்று ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்தான். 'மாநாடு' பேசப்பட்ட அளவுக்கு 'ஜாங்கோ' பேசப்படவில்லை. முந்திக்கொண்ட பெருமை மட்டும் அதற்கு. மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டைம் லூப் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கதைப் பரம்பரைகள் ஓடுவது தெரியும். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: நடந்தது யாருக்கு நினைவிருக்கிறது?

இந்தக் கேள்வியின் தர்க்கம் கழக்கூட்டத்துக்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்திலுள்ள இவ்வூரில் 1990இல் டெக்னோபார்க் என்ற மென்பொருள் வளாகம் தொடங்கப்பட்டது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களும் இங்கே கோடு எழுதிப் பிழைக்கிறார்கள். நிரலில் லூப்புக்கு உள்ளே அறிவித்த மாறி ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகத் தொடங்கும்; வெளியே அறிவித்தது முந்தைய சுற்றின் மதிப்பைச் சுமந்துகொண்டு வரும். வெளியேறும் நிபந்தனை சரியாக அமையாவிட்டால் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். கதைகளில் நாயகனின் நினைவு என்பது லூப்புக்கு வெளியே அறிவித்த மாறி.

சிக்கலும் அங்கேதான். காலை ஆறு மணிக்கு உலகம் முழுதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றால், நாயகனின் மூளையும் அந்த உலகத்தில் அடக்கம். அதுவும் திரும்பினால் அவனுக்கு நேற்று என்று ஒன்று இருக்காது. ஒரு சுற்றா, கோடிச் சுற்றா என்று உள்ளே இருக்கும் எவராலும் சொல்ல முடியாது, கதையும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு டைம் லூப் கதையும் ஓர் ஓட்டையை அனுமதித்தாக வேண்டும்: எல்லாம் அழிகிறது, ஒருவன் தலைக்குள் இருப்பது மட்டும் அழிவதில்லை. இதற்குக் காரணம் சொல்லப் புகுந்த கதைகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. ஹரால்ட் ரேமிஸ் இயக்கிய 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) காரணமே சொல்லாமல் தப்பித்தது. அதன் ஒரு வரைவில் முன்னாள் காதலியின் சாபம் என்று ஒரு விளக்கம் இருந்தது. நல்லவேளை, படத்தில் அது இல்லை.

மேற்கில் இந்த ஓட்டை திறந்த வரலாறு சுருக்கமானது. நீட்சே 1882இல் எழுப்பிய நித்திய மீள்வருகைக் கற்பனையில் வாழ்க்கை அணு பிசகாமல் திரும்புகிறது. பழைய சுற்றின் நினைவு அங்கே யாருக்கும் உதவுவதில்லை. உஸ்பென்ஸ்கியின் ரஷ்ய நாவலில் (1915) இவான் ஓசோகின் எல்லாம் தெரிந்தே இளமைக்குத் திரும்புகிறான். தெரிந்தும் அதே தவறுகளைச் செய்கிறான். நினைவு உண்டு, பலனில்லை. ரிச்சர்ட் லூபோஃபின் 1973ஆம் ஆண்டுச் சிறுகதையில் ஒருவன் பகல் 12:01இல் தொடங்கும் ஒரே மணி நேரத்தில் மாட்டிக்கொள்கிறான். நினைவு அவனுக்கு மட்டும்தான். நாம் இன்று டைம் லூப் என்று சொல்வது பெரும்பாலும் இந்த வார்ப்பில் வந்ததே.

நம் பக்கத்து வார்ப்பு வேறு. காஷ்மீரில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் உண்டு. தமிழில் அவை தனி நூலாக வழங்கின; பாபிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1831இல் லண்டனில் அச்சேறியது. வடமொழியில் வேதாளம் தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழ் வேதாளத்துக்கு முருங்கை. அம்புலிமாமாவில் கே.சி. சிவசங்கரன் வரைந்த படம், அரசன் விக்கிரமன் தோளில் வேதாளம் குடிகொண்ட பிணத்தோடு வாளேந்தி நடக்கும் காட்சி, பல தலைமுறைகளின் கண்ணில் பதிந்துவிட்டது.

அந்தக் கதையின் நிபந்தனையைப் பாருங்கள். வேதாளம் கதை சொல்லிக் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாவிட்டால் அரசன் தலை வெடிக்கும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அறிவுள்ளவனுக்கு இரு பக்கமும் அடைப்பு. வெளியேற ஒரே வழி, உண்மையிலேயே விடை தெரியாமல் இருப்பது. கடைசிக் கதையில் அதுதான் நடக்கிறது. ஓர் அரசனும் அவன் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய தடம் தந்தைக்கு, சிறியது மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, பெரிய பாதம் மகளுடையது, சிறியது தாயுடையது. தந்தை மகளையும் மகன் தாயையும் மணக்க, பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமன் வாயடைத்து நடக்கிறான்.

சுற்றை முடிக்கும் புதிரே ஒரு சுற்று என்பதைக் கவனிக்க வேண்டும்: உறவுமுறை தன்னைத்தானே வந்து கடிக்கிறது. 1959இல் ராபர்ட் ஹைன்லைன் ஒரு கதையில் ஒருவரையே அவருக்குத் தாயும் தந்தையுமாக்கியபோது இதே முடிச்சைக் கால இயந்திரத்தால் போட்டார். ஆனால் அவருடைய வளையத்தில் எதுவும் 'மறுபடி' நடப்பதில்லை. 1949இல் கணித மேதை கோடல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் கண்ட மூடிய காலப்பாதையிலும் அப்படித்தான். ஒவ்வொரு நிகழ்வும் ஒரே தடவை. சினிமா லூப்புக்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

'மாநாடு' லூபோஃப் வழியில் தொடங்குகிறது. துபாயிலிருந்து வரும் அப்துல் காலிக் செத்தால் நாள் விமானத்தில் மறுபடி தொடங்கும். நினைவு அவனுக்கு மட்டும். பாதியில் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் நினைவு வந்துவிடுகிறது. அதற்குப் படம் சொல்லும் காரணத்தைவிட அதன் விளைவே சுவையானது. அதுவரை காலிக்குக்கு எதிரே இருந்தது ஒரே காயை ஒரே மாதிரி நகர்த்தும் எதிராளி. இப்போது அவனும் கற்றுக்கொள்கிறான். காலிக் செத்தால் ஆட்டம் முதலிலிருந்து என்பதால், ஜெயித்த நாளில் அவன் உயிரோடு இருப்பதுதான் வில்லனுக்கு லாபம். நாயகனைக் கொல்லக்கூடாத வில்லன், சாவதற்கு அஞ்சாத நாயகன் என்று மசாலாப் படத்தின் விதியே தலைகீழாகிறது. நினைவை இருவருக்குப் பங்கிட்டதுதான் வெங்கட் பிரபுவின் சாமர்த்தியம் என்பேன்.

2021 பிப்ரவரியில் கேரளத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'சுருளி' வினோய் தாமஸின் சிறுகதையிலிருந்து பிறந்தது, திரைக்கதை எஸ். ஹரீஷ். தொடக்கத்தில் ஒரு பாட்டிக் கதை வருகிறது. மாடனைப் பிடிக்கக் காட்டுக்குள் போகும் நம்பூதிரி, தலையில் ஒரு கூடையைச் சுமந்துகொண்டு அலைகிறார். கூடைக்குள் இருப்பதே மாடன். அது காட்டும் வழியில்தான் அவர் சுற்றுகிறார். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே குமரி, கிழக்கே நெல்லை வரை சுடலை மாடனுக்குக் கொடை எடுக்கும் ஊர்களில் மாடனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விக்கிரமனுக்குத் தோளில் இருப்பது இன்னதென்று தெரியும். நம்பூதிரிக்குத் தலையில் இருப்பது தெரியாது.

பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் பொய்ப் பெயர்களில் ஜாய் என்ற குற்றவாளியைத் தேடிச் சுருளிக்குப் போகிறார்கள். ஜீப் ஒரு பலவீனமான மரப்பாலத்தைக் கடக்கிறது. அதுவரை மரியாதையாகப் பேசிய சகபயணிகள் கெட்ட வார்த்தையில் இறங்குகிறார்கள். இருவரில் இளையவன் ஷாஜீவனை ஊரார் முன்பே பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவனோ இதற்குமுன் வந்ததே இல்லை என்கிறான். காலிக்குக்கு நினைவிருக்கிறது, உலகம் மறந்துவிடுகிறது. இங்கே ஊருக்கு நினைவிருக்கிறது, வந்தவன் மறந்துவிட்டான்.

ஊருக்கு நினைவிருக்கிறது என்றால் ஊரின் காலம் நேராகத்தான் ஓடுகிறது. சுற்றுவது ஆள் மட்டும். விக்கிரமனின் இரவும் அப்படித்தான்: நேரம் கழிகிறது, அவன் மரத்தடிக்கு மட்டும் திரும்புகிறான். கடிகாரம் திரும்புவதுதான் டைம் லூப் என்று கறாராக எடுத்துக்கொண்டால் 'சுருளி' அந்தக் கணக்கில் சேராது, வேதாளத்தின் வரிசையில் சேரும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முன்பு வந்தவன் இதே ஷாஜீவன்தானா, அல்லது இவனைப் போலவே ஜாயைத் தேடி வந்து அங்கேயே தங்கிப்போன வேறொரு போலீஸ்காரனா? படம் இரண்டு பக்கமும் குறிப்பு வைத்திருக்கிறது. இரண்டாவது சரி என்றால் அங்கே சுற்றுவது காலமும் அல்ல, ஆளும் அல்ல. தேடிவரும் வேலைதான் ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சுற்றுகிறது.