கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி? இந்திய நிலத்தின் உயரம் அளக்கப்பட்ட வரலாறு

இந்தியாவில் நில உயரம் அளக்கப்பட்ட கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எவரெஸ்டில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள். உலகின் மிக உயர்ந்த சிகரத்தை எட்டிய பிறகு வேறென்ன சொல்ல இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சிகரங்களில் யாரும் குடியிருப்பதில்லை. மக்கள் வாழும் சமவெளிகளும் ஆற்றுப் படுகைகளும் கடலோர நகரங்களும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்ற கணக்கு வேறொரு தடத்தில் வளர்ந்தது. அதற்கு அதிகக் காலமும் நுட்பமும் தேவைப்பட்டன. அந்த வேலை இன்னும் முடியவில்லை. அந்த இரண்டாவது தடத்தையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பரங்கிமலையில் தொடக்கம்

1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியைத் தாங்கிகளின் மேல் மட்டமாக நீட்டி, வெப்பத்தால் அது எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டரை அளக்க 57 நாட்கள் பிடித்தன. இந்த ஒரு கோட்டின் நீளம் உறுதியானதும், அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை மட்டும் அளந்து முக்கோணம் மேல் முக்கோணமாகத் தீபகற்பம் முழுவதும் பரவ முடிந்தது. சென்னையிலிருந்து மங்களூர் வரை முக்கோணங்கள் எட்டியபோது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தை ஏறத்தாழ 40 மைல் அகலமாகக் காட்டியிருந்தது தெரியவந்தது.

கோணம் அளக்கப் பயன்பட்ட தியோடலைட் அரை டன் எடை கொண்டது. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்திலிருந்து புதிய கருவி வரட்டும் என்று காத்திருந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அடைபட்டுக்கொண்டு, நெளிந்த வட்டத்தை வாரக் கணக்கில் தட்டித் தட்டிச் சீராக்கினார். 1818 முதல் 'மாபெரும் முக்கோண நில அளவை' (ஜி.டி.எஸ்.) என்று பெயர் பெற்ற அந்தப் பணியின் நடுவிலேயே, 1823-ல் இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் அவர் இறந்தார்.

இந்த அளவையின் முதன்மை நோக்கம் உயரம் அன்று. பூமியின் வடிவத்தை அறிவதும், வரைபடத்துக்கு உறுதியான புள்ளிகளைத் தருவதுமே அதன் குறிக்கோள். கிடைக்கோணத்தோடு செங்குத்துக் கோணத்தையும் பார்த்துக்கொண்டதால் உயரக் கணக்கு துணை விளைவாகக் கிடைத்தது. அதற்கு முன்பு பயணிகள் நம்பியிருந்தவை பாரமானியும் கொதிநீர் வெப்பமானியும்தான். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி குறைகிறது. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 93 டிகிரியை எட்டுவதற்கு முன்பே நீர் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகத் தாமதமாவதற்குக் காரணமும் இதுவே. 1860-களில் மாறுவேடத்தில் திபெத்துக்குப் போன நைன் சிங் ராவத், லாசாவின் உயரத்தைக் கணித்தது இந்த முறையில்தான். அன்றைய வானிலையில் ஏற்படும் சிறு மாற்றம்கூட விடையைப் பல அடிகள் தள்ளிவிடும் என்பதே இதன் குறை.

சிகரத்துக்குப் போதுமானது, வாய்க்காலுக்குப் போதாது

முக்கோண முறை இதைவிட மேலானது. ஆனால் ஒளி காற்றில் நேர்கோட்டில் செல்வதில்லை. தரையை ஒட்டிய காற்று சூடேறியும் குளிர்ந்தும் ஒளிக்கதிரை வளைக்கிறது. கங்கைச் சமவெளியில் நெடுந்தொலைவு பார்ப்பதற்காக, லாம்டனின் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கோபுரங்களை எழுப்ப வேண்டியிருந்தது. அங்கே பார்வைக் கோடு தரையை உரசியபடி போவதால் உயரக் கணக்கில் சில அடிகள் பிழை நுழைவதைத் தவிர்க்க முடியவில்லை.

மலைகளைப் பொறுத்தவரை அது பொருட்படுத்தத் தக்க பிழை அன்று. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கும் அப்பாலிருந்த சமவெளி நிலையங்களிலிருந்து பின்னாளில் எவரெஸ்ட் எனப்பட்ட 15-ஆம் எண் சிகரம் பார்க்கப்பட்டது. கல்கத்தாவில் நில அளவையின் தலைமைக் கணக்கராக இருந்தவர் ராதாநாத் சிக்தார். எவரெஸ்டுக்குப் பின் அப்பணியை நடத்திய ஆண்ட்ரூ வாஹ் 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1955-ல் இந்திய நில அளவைத் துறை கண்ட அளவு 29,028 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். முதல் கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் உள்ள வேறுபாடு முப்பது அடியைத் தாண்டவில்லை. அத்தனை தொலைவிலிருந்து பார்த்துக் கணித்ததற்கு இது வியக்கத்தக்க துல்லியம். சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் கிடைத்தது. நில அளவைக் கையேட்டில் சிக்தார் எழுதிய பகுதிகளுக்கு முதல் பதிப்பு தந்த நன்றியுரையோ, அவர் இறந்த பிறகு 1875-ல் வந்த பதிப்பில் காணாமல் போனது. இந்த அநீதியைச் சொல்லாமல் இவ்வரலாற்றை எழுதக் கூடாது.

இதே காலத்தில் இன்னொரு புதிரும் எழுந்தது. கலியானா, கலியான்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட அகலாங்கு வேறுபாடு, முக்கோண அளவையில் ஒன்றாகவும் விண்மீன்களைப் பார்த்தபோது வேறாகவும் வந்தது. வேறுபாடு 5.23 விகலை. இமயத்தின் ஈர்ப்பு தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுத்ததே காரணம் என்று கருதிய கல்கத்தாப் பேராயத் துணைவர் ஜான் பிராட், மலையின் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவர் கணக்குப்படி விலகல் 15.88 விகலை இருந்திருக்க வேண்டும். மலை எதிர்பார்த்த அளவு இழுக்கவில்லை. உயர்ந்த மலைகளுக்குக் கீழே அடர்த்தி குறைந்த பொருள் இருந்து அவற்றைச் சமன்செய்கிறது என்ற கோட்பாடு 1855-ல் இதிலிருந்து பிறந்தது. உயரம் அளப்பவர்க்கு இதில் ஒரு பாடம் இருந்தது. ரசமட்டத்தின் குமிழி காட்டும் 'மட்டம்' புவியீர்ப்பைப் பொறுத்தது. ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை.

மலைக்குப் பத்து அடிப் பிழை பெரிதன்று. வாய்க்கால் வெட்டுபவருக்கு ஓர் அடிப் பிழையே நாசம். டெல்லி சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொல்கத்தா 9 மீட்டரில். இடையில் ரயில் பாதை ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். சராசரியாகப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு சாண் சரிவுகூட இல்லை. இத்தகைய நிலத்தில் 1854-ல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயும் அதன் பின் வந்த ரயில் பாதைகளும் மட்டம் பார்த்தே அமைக்கப்பட்டன. ஆனால் ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு சுழியை வைத்துக்கொண்டது. ஒரு கால்வாயின் 'நூறு அடி'யும் பக்கத்து ரயில் பாதையின் 'நூறு அடி'யும் ஒரே உயரமாக இருக்கவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தொடங்கிய ஆண்டு 1858. கராச்சியில் கண்ட சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியாக வைத்து, அளவை அதிகாரி ஜேம்ஸ் வாக்கரின் பொறுப்பில் உள்நாட்டை நோக்கி மட்ட அளவை புறப்பட்டது. முறை எளிது. லெவல் கருவியை நடுவில் நிறுத்தி, பின்னால் ஓர் அளவுக்கோல், முன்னால் ஓர் அளவுக்கோல். பின்நோக்கு அளவிலிருந்து முன்நோக்கு அளவைக் கழித்தால் இரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வேறுபாடு கிடைக்கும். இரு கோல்களும் கருவியிலிருந்து சம தூரத்தில் இருந்தால் ஒளி வளைவின் பிழை இரு பக்கமும் ஒரே அளவாகிக் கழிந்துபோகும். இப்படியே சில பத்து மீட்டர்களாக, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வேண்டும். ஒருவர் அளந்ததை இன்னொருவர் தனிக் கருவியோடு பின்னாலேயே வந்து சரிபார்ப்பார். வெயிலிலும் புழுதியிலும் கோல் பிடித்தும் குடை பிடித்தும் நடந்த இந்தியத் தொழிலாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. அவர்கள் நடந்த வழியில் பாலங்களிலும் கட்டடப் படிகளிலும் 'ஜி.டி.எஸ். பி.எம்.' என்ற எழுத்தும் சிறு சதுரமும் செதுக்கப்பட்டன. பொறியாளர்கள் பெஞ்ச் மார்க் என்று சொல்வது இதைத்தான். 1863-ல் வாக்கர் வெளியிட்ட உயர அட்டவணைகள், கால்வாய்களின், ரயில் பாதைகளின் வெவ்வேறு சுழிகளை ஒரே கணக்கில் கொண்டுவந்தன. ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் காணும் கடல்மட்ட உயரம் இந்த மரபில் வந்தது.

எந்தக் கடலின் மட்டம்?

கடல் ஓயாமல் ஏறி இறங்குவது. அதற்கு ஒரு மட்டம் காண, துறைமுகங்களில் ஓதமானிகள் அமைக்கப்பட்டன. கடலோடு இணைந்த கிணற்றில் மிதவை ஒன்று ஏறி இறங்கும். அதனோடு இணைந்த பேனா, கடிகாரத்தால் சுழலும் உருளையின் தாளில் கோடு வரையும். மணிக்கொரு அளவெடுத்து ஆண்டுக்கணக்கில் சராசரி பார்த்தால் கிடைப்பதே சராசரிக் கடல்மட்டம்.

கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது இடங்களின் கடல்மட்டத்தையும் சுழி என்று வைத்து, நாட்டின் முதல் மட்ட வலை 1909-ல் சரிசெய்து முடிக்கப்பட்டது. இந்திய ஊர்களின் உயரம் என்று நூல்களில் பல தலைமுறைகளாக அச்சாகி வந்த எண்களுக்கு அடிப்படை அந்த வலையே.

அதில் ஒரு அனுமானம் ஒளிந்திருந்தது. ஒன்பது துறைமுகங்களிலும் கடல் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்பதே அது. உண்மையில் வங்கக் கடலின் மட்டம் அரபிக் கடலை விடச் சற்று உயர்ந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் வங்கக் கடலில் உப்பு குறைவு. அடர்த்தி குறைந்த நீர் மேலெழுந்து நிற்கிறது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் டி. சங்கரும் எஸ். ஆர். ஷேட்யேவும் 2001-ல் இதை விளக்கினார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வலையைச் சுழியில் கட்டிப்போட்டதால், உயர வேறுபாடு நாடு முழுவதும் பிழையாகப் பரவிக் கலந்தது. 1909-ல் செய்தவர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமன்று. அன்று அதை அறிய வழி இல்லை. பின்னாளில் இந்திய நில அளவைத் துறை உயர அடிப்படையை மறுபடியும் வரையறுக்க முயன்றதற்கு இது ஒரு காரணம்.

இந்த வலை காட்டிய நாட்டின் வடிவம் இன்று பள்ளிப் புத்தகப் பாடம். மேற்கே நிமிர்ந்து கிழக்கே சாய்ந்த தக்காண மேட்டில் பெங்களூரு 920 மீட்டரிலும் ஐதராபாத் 540 மீட்டரை ஒட்டியும் அமர்ந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவர் பாலக்காட்டில் மட்டும் 150 மீட்டருக்கும் கீழே இறங்கிக் கோவைக்குக் காற்றும் வழியும் தருகிறது. மேட்டுப்பாளையத்தின் 326 மீட்டரிலிருந்து உதகை ரயில் நிலையத்தின் 2,203 மீட்டருக்கு 46 கிலோமீட்டரில் ஏறும் மலை ரயில், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் போக முடிகிறது. குட்டநாட்டு வயல்களோ கடல்மட்டத்துக்குக் கீழே, ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் உலக நிலத்தின் பெரும்பகுதியை அளந்தது. யாரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளத்தக்க உயரத் தரவு அதிலிருந்து கிடைத்தது. 2005-ல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இந்தியாவுக்கென இரட்டைப் படங்களால் உயர மாதிரி தந்தது. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இவை பெரும் கொடை. நகரத்துக்கு அப்படி இல்லை. அந்த ரேடார் தரையை மட்டும் பார்க்கவில்லை. மொட்டை மாடியையும் மரத்தலையையும் சேர்த்தே பார்த்தது. தாழ்ந்த நகரம் சில மீட்டர் உயர்ந்ததாகத் தோற்றம் தரும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகளுக்கு வேறொரு சிக்கல். அவை கணக்கிடுவது பூமியைக் குறிக்கும் ஒரு கணித வடிவத்திலிருந்து எண்ணும் உயரத்தை. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதால் கடற்பரப்பு அந்தக் கணித வடிவத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே பள்ளமாக இருக்கிறது. அதன் விளிம்பு சென்னை வரை நீள்கிறது. மெரினாவில் திருத்தம் செய்யாத கருவியை இயக்கினால், கடல்மட்டத்துக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும்.

தாழ்நிலத்தின் கணக்கு

லாம்டனின் அடிக்கோடு போன பாதையை இன்றைய வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், அது பள்ளிக்கரணைச் சதுப்பு வட்டாரத்தை ஒட்டிச் செல்கிறது. சங்கிலி நீட்ட வசதியான தட்டை நிலமாக அது இருந்ததற்கும், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்குவதற்கும் காரணம் ஒன்றே: அது வடிகாலின் அடித்தட்டு.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டம் ஒவ்வொரு நாளும் செய்தியானது. முழு நீர்மட்டம் 24 அடி என்று எல்லாரும் அறிவோம். அது ஏரிக்குள் எண்ணும் ஆழம். கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் 85.40 அடி, அதாவது 26 மீட்டர். அங்கே திறந்துவிட்ட நீர் அடையாற்றில் இறங்கிக் கடல் சேரும் வழியில், இரு கரையிலும் எந்தத் தெரு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைக் குடியிருந்தவர்கள் அறியவில்லை. அறிய வழியும் இருக்கவில்லை. கடலோரப் பகுதிகளின் விரிவான நிலப்படங்கள் நீண்ட காலம் பாதுகாப்புக் காரணத்தால் பொதுமக்களுக்கு எட்டாதவையாக இருந்தன. வருவாய்த் துறையின் புலப்படத்தில் நீளம் உண்டு, பரப்பு உண்டு, பக்கத்துப் புல எண் உண்டு. உயரம் கிடையாது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கும் ஒருவருக்கு, எவரெஸ்டின் உயரம் சென்டிமீட்டர் வரை தெரியும். தன் வாசற்படியின் உயரம் தெரியாது. இருநூறு ஆண்டு நில அளவை மரபு கொண்ட நாட்டுக்கு இது பெருங்குறை.

2021-ல் நிலத்தரவு விதிகள் தளர்த்தப்பட்டன. 2022-ன் தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி உருவாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்தத் தரவு உருவாகும்போது அலுவலகக் கணினிக்குள் தங்கிவிடாமல் வார்டு வாரியாக, தமிழில், கட்டணமின்றி வெளியிடப்பட வேண்டும். பட்டாவோடு இணைந்த புலப்படத்தில் மனையின் நான்கு மூலைக்கும் கடல்மட்ட உயரத்தை எழுத வேண்டும். நகராட்சி உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேளுங்கள்.