தெய்வச் சித்தமும் மனிதச் சித்தமும்: குமரி மாவட்டத் திருச்சபைகளில் இரட்சிப்பு விவாதம்

ஒருவர் இரட்சிக்கப்படுவது கடவுள் முன்குறித்ததாலா, அவரே மனமுவந்து ஏற்பதாலா என்பது கிறிஸ்தவ இறையியலில் நெடுங்கால விவாதம். குலசேகரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் வட்டாரத்துக்கு அதன் முக்கியத் தரப்புகள் வெவ்வேறு மிஷன்களோடு வந்து சேர்ந்தன.

தோற்றம்

மனித முயற்சியை வலியுறுத்திய பெலாகியுசை அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது. 1525-இல் லூத்தர், மனிதச் சித்தம் பாவத்துக்கு அடிமைப்பட்டது என்று, சுதந்திரச் சித்தத்தை ஆதரித்த எராஸ்மசுக்குப் பதில் எழுதினார். அருளே முந்துகிறது, மனிதர் சுதந்திரமாக ஒத்துழைக்கிறார் என்பது 1547-இல் திரெந்து சங்கம் வகுத்த கத்தோலிக்க நிலைப்பாடு. டோர்ட் சங்கம் (1618–19), இரட்சிப்பு கடவுளின் முன்குறித்தலால் என்ற கால்வினியத்தை நிலைநாட்டி, கிருபையை மனிதர் மறுக்கவும் இயலும் என்ற ஆர்மினியரை மறுத்தது. 1739-இல் ஜான் வெஸ்லி, கிருபை எல்லோருக்கும் உரியது என்று பிரசங்கித்து முன்குறித்தலைச் சாடினார். முன்குறித்தலை வலியுறுத்துவோர் ரோமர் 9-ஆம் அதிகாரத்தையும், மறுதரப்பினர் 1 தீமோத்தேயு 2:4-ஐயும் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

தென் திருவிதாங்கூரில் (இன்றைய குமரி மாவட்டம்)

1795-இல் தொடங்கிய இலண்டன் மிஷன் சங்கத்தில் கால்வினியச் சார்பு மிகுதி. ஆனால் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் அச்சங்கத்தின் சார்பில் வந்த ரிங்கல்தௌபே, ஹாலேயில் படித்த லுத்தரன் மரபினர். 1890-களில் நாகர்கோவிலில் மருத்துவப் பணி தொடங்கிய இரட்சணிய சேனை, வெஸ்லியின் வழிவந்தது. கிறிஸ்து உலகத்தார் அனைவருக்காகவும் மரித்தார் என்பதும், இரட்சிப்பில் நிலைத்திருக்கக் கீழ்ப்படிதலுள்ள விசுவாசம் தொடர வேண்டும் என்பதும் அதன் 11 கோட்பாடுகளில் அடங்கும். 1907-இல் மிசௌரி லுத்தரன் மிஷன் நாகர்கோவிலுக்கு வந்தது. இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் கிருபையால் தெரிந்துகொள்கிறார், ஆனால் அழிவுக்கு எவரையும் அவர் முன்குறிப்பதில்லை என்பது அதன் போதனை.

வழிபாட்டில்

இவ்வேறுபாடுகள் ஆராதனையிலும் தெரியும். லுத்தரன் சபையில், எதையும் தெரிவுசெய்ய இயலாத கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டவரே தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுகிறார். இரட்சணிய சேனை ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. மனந்திரும்புகிறவர் தாமாக எழுந்து வந்து, முன்னால் உள்ள பலகையருகே முழங்காலிட்டு ஜெபிக்கிறார். இலண்டன் மிஷன் சபைகள் பின்னர் இணைந்த தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) குழந்தை ஞானஸ்நானமும், வளர்ந்தபின் சொந்த அறிக்கையோடு திடப்படுத்தலும் உண்டு.

வைணவ ஒப்புமை

தமிழருக்கு இக்கேள்வி புதிதல்ல. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் சரணாகதிக்கு உவமையாக்கினர். வைணவ மரபு இவ்வட்டாரத்திலும் உண்டு: குலசேகரத்தை அடுத்த திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், நம்மாழ்வார் பாடிய தலம். வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை, கால்வினியச் சார்புடைய ஜான் பனியனின் நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இயற்றினார்.

திருச்சபை ஒன்றிப்பு

1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் சி.எஸ்.ஐ. உருவானபோது, கால்வினிய மரபுடைய காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையாரும், வெஸ்லியின் மெதடிஸ்டுகளும், ஆங்கிலிக்கரும் ஒன்றாயினர். அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்கள் ஒன்றிப்பின் அடிப்படைகளாயின. முன்குறித்தல் குறித்து ஒரே கருத்து நிபந்தனையாக்கப்படவில்லை.